பிரிந்த குடும்பமும் நடுவில் உட்காருவோரும்



என் கடைக்கு வேலைக்கு வரும் பையனை முதல் நாளே நான் கல்லாவில் உட்கார வைப்பதில்லை. நீங்களும் வைக்க மாட்டீர்கள். முதலில் மூட்டை பிரிக்கப் பழக வேண்டும். அரிசியில் பழையது எது, புதியது எது என்று கைவிட்டுப் பார்த்துச் சொல்லத் தெரிய வேண்டும். பிறகு நிறுவை, அதன் பிறகு கடன் புத்தகம். இவ்வளவும் ஆகி, ஆள் நாணயமானவன் என்று மனத்துக்குப் பட்ட பிறகுதான் கல்லாச் சாவி. ஒரு கிலோ நெத்திலி நிறுத்துக் கொடுப்பதற்கே இத்தனை பழக்கம் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு புருஷனும் மனைவியும் பிரிந்து, நடுவில் பிள்ளைகள் திகைத்து நிற்கும்போது, அந்த வழக்கைப் பேச யாரை உட்கார வைக்கிறோம்? கடை பெரிய கடையாக இருந்தால் போதும். தாடி நரைத்திருந்தால் போதும். குரல் கொஞ்சம் கனமாக இருந்தால் இன்னும் விசேஷம். பழக்கம் உண்டா, படிப்பு உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தப் பாடத்தில் நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். பிரிந்த குடும்பத்துக்கு நடுவில் உட்காருகிறவனுக்கும் படிப்பு வேண்டும்; நல்ல எண்ணம் மட்டும் போதாது. நான் மதரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் நின்றவன். ஆகவே இதை ஆலிம்களின் பயானாகவோ வக்கீலின் ஆலோசனையாகவோ கொள்ள வேண்டாம். தவறு செய்துவிட்டுப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒரு கடைக்காரன், சக கடைக்காரர்களிடம் ஒப்புவிக்கும் பாடமாகவே கொள்ளுங்கள்.

எங்கள் கையால் நடந்த தவறு

பல வருஷங்களுக்கு முன் நடந்தது. பெயர் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். கணவன் சிறு வியாபாரி. மனைவி மனம் வெறுத்துத் தன் ராத்தா வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகள் இருவர். பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு ஐந்து. சேர்த்து வைக்கப் பார்த்தும் பலிக்கவில்லை. "தலாக் விஷயம் கோர்ட்டில் முடியட்டும், பிள்ளைகள் விஷயத்தை நீங்கள் பேசி முடித்துவிடுங்கள்" என்று இரு வீட்டாரும் வந்தார்கள். இஷாத் தொழுகைக்குப் பின் என் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்தோம்.

ஒரு மணி நேரம் பேச்சு வளர்ந்தது. எங்களில் மூத்தவர், "பிள்ளையையே கேட்டுவிடுவோமே" என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. முன்பக்கம் போய் ஒரு பிஸ்கட் பொட்டலம் எடுத்து வந்து, அந்தப் பெண்ணை அருகே அழைத்தவன் நான்தான்.

"நீ அத்தாகிட்ட இருக்கியா, அம்மாகிட்ட இருக்கியா? பயப்படாமச் சொல்லும்மா."

அவள் தகப்பன் முகத்தைப் பார்த்தாள். தாய் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "தம்பி எங்க இருக்கானோ அங்க" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். கெட்டிக்காரப் பிள்ளை என்று மெச்சினோம். மெச்சிவிட்டு என்ன செய்தோம்? பெண் தாயோடு, பையன் தகப்பனோடு என்று பிரித்தோம். ஆளுக்கு ஒன்று; இரு தரப்புக்கும் குறையில்லை என்று எங்களுக்கு அவ்வளவு திருப்தி. கூட்டு வியாபாரம் கலையும்போது சரக்கைப் பாதிக்குப் பாதி பிரிப்பதுபோலப் பிரித்து, முத்திரைத்தாளில் எழுதி, கையெழுத்து வாங்கி, பாத்திஹா ஓதி எழுந்தோம்.

நான்கு மாதத்தில் தகப்பன் பையனைத் தமிழ்நாட்டில் தன் தாயாரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டார். எங்கள் காகிதத்தில் அதைத் தடுக்க ஒரு வரியும் இல்லை. இருந்திருந்தாலும் கோர்ட்டு உத்தரவுக்குள்ள பலம் அதற்கு ஏது? அந்தப் பெண் சாமான் வாங்க வரும்போதெல்லாம், "தம்பி பேசினானா மாமா?" என்று என்னைக் கேட்பாள். அவள் அத்தா என் கடைக்கு வந்துபோகிறவர் என்று அவளுக்குத் தெரியும்.

ஏழு வருஷம் கழித்துப் பையன் திரும்பி வந்தான். அக்காவும் தம்பியும் என் கடைவாசலில் விருந்தாளிகள்போல நின்றார்கள். "சாப்பிட்டியா?" என்று அவள் கேட்டாள். "சாப்பிட்டேன்" என்றான். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அந்த இரவு எட்டு வயதுப் பிள்ளை சொன்னதுதான் சரியான தீர்ப்பு. நாங்கள் கேட்டோம், காதில் வாங்கவில்லை.

நான் பெஞ்சியில் உட்கார்ந்த நாள்

பிறகு என் தங்கைக்கே சோதனை வந்தது. மாப்பிள்ளை பிரிந்து போய்ச் செலவுப் பணத்தை நிறுத்திவிட்டார். அவள் ஷரீஅத் கோர்ட்டில் மனுக் கொடுத்தாள். வழக்கு நீதிபதி முன் போகுமுன் 'சுல்ஹு' பேச வரும்படி அழைப்பு வந்தது. நான் சட்டைக்குக் கஞ்சி போட்டுக்கொண்டு, கையில் ஒரு காகிதக் கட்டோடு கூடவே போனேன். சுல்ஹு அதிகாரி என் தங்கையைவிட வயதில் சிறிய பெண்பிள்ளை. மரியாதையாக என்னை வெளியே உட்காரச் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டுக்கு மூத்த ஆண் நான், என்னை வெளியே வைத்து என்ன பேசிவிடப் போகிறார்கள் என்று இரண்டு மணி நேரம் அந்தப் பெஞ்சியில் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

தங்கை வெளியே வந்ததும் சொன்னாள்: "நானா, இன்னைக்குத்தான் என்னை முழுசாப் பேச விட்டாங்க."

அதுவரை அவளுக்காக யார் பேசிக்கொண்டிருந்தது? நான்தான். அவள் பேச வாயெடுத்த இடத்திலெல்லாம் அடக்கியதும் நான்தான். அன்று தொடங்கித்தான் இந்த விஷயத்தை விசாரித்து அறிய ஆரம்பித்தேன்.

சுல்ஹு என்பது என்ன?

சுல்ஹு என்றால் இணக்கம் என்று மதரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரியும். கோர்ட்டில் அது ஒரு முறையான ஏற்பாடு. சுல்ஹு அதிகாரி தீர்ப்புச் சொல்வதில்லை. முதலில் விதிகளை விளக்குகிறார். இருவரையும் ஒன்றாகவும், தேவைப்பட்டால் தனித்தனியாகவும் கேட்கிறார். அங்கே மனம் விட்டுப் பேசியதைப் பின்னால் வழக்கில் சாட்சியாகத் தூக்கிப் போட முடியாது. இருவரும் ஒத்துக்கொண்டால் அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, நீதிபதி முன் வைத்துக் கோர்ட்டு உத்தரவாக்குகிறார்கள். ஒத்து வராவிட்டால் வழக்கு நீதிபதியிடம் போகிறது. எங்கள் பின்னறைக் காகிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டிலும் கையெழுத்து உண்டு. பின்னால் மீறினால் கேட்க ஆள் இருப்பது ஒன்றில்தான்.

நம் நாட்டில் மலேசிய ஷரீஅத் நீதித் துறை 1998-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. சிலாங்கூரில் 2002-இல் சுல்ஹு முறை தொடங்கிற்று. பிறகு மற்ற மாநிலங்களிலும் பரவிற்று. பிரிந்த தாய்க்கும் பிள்ளைக்கும் வர வேண்டிய செலவுப் பணம் வராமல் நின்றால் உதவுவதற்கென்று 'பாஹாகியான் சொக்கோங்ஙான் குலுவார்கா' என்னும் குடும்ப ஆதரவுப் பிரிவு 2008-இல் ஏற்பட்டது. பி.எஸ்.கே. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

வெளியே பார்த்தாலும் இதே போக்குத்தான். இந்தியாவில் 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், சமரசத்தாலும் ஆலோசனையாலும் வழக்கைத் தீர்க்கும் அனுபவமுள்ளவர்களையே நீதிபதிகளாகத் தேர்ந்தெடுக்க முயல வேண்டும் என்று சொல்கிறது. அக்கரையில் சிங்கப்பூரில் ஷரீஅத் கோர்ட்டு 1958-இலேயே ஏற்பட்டது. மற்றச் சமயத்தாருக்கான குடும்ப நீதிமன்றங்களை 2014-இல் தனி அமைப்பாக்கினார்கள். சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிரியப் போகும் பெற்றோருக்கு வகுப்பு நடத்தும் ஏற்பாடு அங்கே 2016-இல் தொடங்கிற்று.

இவ்வளவும் ஏன்? சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவருக்கும் அழுகிற பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் போகலாம். பயத்தால் வாய் மூடியிருக்கும் மனைவியைப் பார்த்து, சம்மதம் என்று எழுதிக்கொண்டு போகலாம். கோபத்தில் கத்தும் தகப்பனுக்குள்ளே, பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற பயம் இருப்பதைக் காணாமல் போகலாம். ஆகவேதான் நீதிபதிக்கும் அதிகாரிக்கும் வக்கீலுக்கும் இதைத் தனிப் பயிற்சியாகக் கொடுக்கிறார்கள். நிக்காஹ் செய்யப் போகும் பிள்ளைகள் கல்யாணத்துக்கு முந்திய வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்க வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். சேர்வதற்கே வகுப்பு உண்டென்றால், பிரிவதைப் பேசி முடிக்க உட்காருகிறவனுக்கு வகுப்பு வேண்டாமா?

சட்டமே நம்மை அழைக்கிறது

'அப்படியானால் எல்லாவற்றையும் கோர்ட்டே பார்த்துக்கொள்ளட்டும், நமக்கென்ன?' என்று யாராவது கேட்கலாம். விஷயம் அப்படி இல்லை. நம் மாநிலத்தில் நடப்பது 2003-ஆம் ஆண்டின் ஜொகூர் இஸ்லாமியக் குடும்பச் சட்டம். தம்பதிகளில் ஒருவர் தலாக்குக்கு உடன்படாவிட்டால், அல்லது சேர்ந்து வாழ வழியிருப்பதாகத் தெரிந்தால், கோர்ட்டு ஒரு சமரசக் குழுவை நியமிக்கிறது. அதில் ஒரு மார்க்க அதிகாரி தலைவர். கணவன் பக்கம் ஒருவர், மனைவி பக்கம் ஒருவர். சச்சரவு முற்றினால் இரு பக்கத்துக்கும் 'ஹகம்' என்னும் நடுவர்களை நியமிப்பதும் உண்டு. இரண்டிலும், குடும்ப நிலைமை அறிந்த நெருங்கிய உறவினருக்கே முதலிடம். திருக்குர்ஆனில் சூரத்துன்னிஸாவின் 35-ஆம் வசனம் காட்டும் வழியும், அவன் குடும்பத்தில் ஒருவர், அவள் குடும்பத்தில் ஒருவர் என்பதுதான்.

ஆக, நாளைக்கு ஒரு தாய்மாமனாகவோ பெரியத்தாவாகவோ உங்களுக்கே அழைப்பு வரலாம். அப்போது போய் என்ன பேசுவீர்கள்? நான் தெரிந்துகொண்டதை ஏழு பாடங்களாகத் தருகிறேன்.

முதற்பாடம்: நம் எல்லை

நாம் கோர்ட்டு அல்ல. கோர்ட்டு அனுமதியில்லாமல் வெளியே தலாக் சொல்வது நம் மாநிலச் சட்டப்படி குற்றம். அபராதமும் சிறையும் உண்டு. நம் முன்னால் ஒருவர் ஆத்திரத்தில் சொல்லிவிட்டால், அதை நாமே செல்லும், செல்லாது என்று முடிவு கட்டாமல், உடனே கோர்ட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும். ஊரில் மனைவியை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டின் சட்டம், வாயால் சொன்னாலும், எழுதினாலும், ஃபோனில் செய்தியாக அனுப்பினாலும் அதைக் குற்றமாக்கி, மூன்று வருஷம் வரை சிறை வைத்திருக்கிறது. தனியார் சபைகள் குலா முடிந்ததென்று சான்றிதழ் கொடுக்க முடியாது, குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2023-இல் சொல்லிவிட்டது. நம் லெட்டர் தாளும் ரப்பர் முத்திரையும் ஒரு பெண்ணின் வாழ்க்கையை அந்தரத்தில் தொங்கவிடக் கூடும்.

இரண்டாம் பாடம்: தனியே கேட்பது

கணவனும் மாமியாரும் எதிரில் உட்கார்ந்திருக்க, 'உனக்கு என்ன குறை?' என்று கேட்டால் எந்தப் பெண் சொல்வாள்? அவளுடைய மௌனத்தை நாம் பொறுமை என்று எழுதிக்கொள்கிறோம். முதலில் தனித்தனியே கேட்க வேண்டும். அவளிடம் கேட்கும்போது ஒரு பெண்மணி கூட இருக்க வேண்டும். அடி உதை, மிரட்டல் உண்டா என்று மென்மையாக விசாரிக்க வேண்டும். உண்டென்று தெரிந்தால் அங்கேயே சமரசப் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அடிக்கிறவனோடு ஒரே பாயில் உட்கார வைப்பது சமரசம் ஆகாது. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் உரியது. போலீசிலும் சமூக நல இலாகாவிலும் பாதுகாப்புக் கேட்கலாம். 'தாலியான் காசிஹ்' என்னும் 15999 எண்ணைக் கடையில் எழுதி ஒட்டி வைத்தால் குறைந்தா போய்விடுவோம்?

மூன்றாம் பாடம்: பிள்ளை சாட்சியல்ல

பிள்ளை வளர்ப்புரிமையை ஹளானா என்கிறோம். ஆண் பிள்ளை 7 வயது வரையிலும், பெண் பிள்ளை 9 வயது வரையிலும் சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். கோர்ட்டு அதை 9, 11 வரை நீட்டிக் கொடுக்கலாம். அதன் பிறகு, நல்லது கெட்டது பிரித்தறியும் முமய்யிஸ் ஆகிவிட்ட பிள்ளைக்கு யாரோடு இருப்பது என்று சொல்ல இடமுண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோர்ட்டு பார்ப்பது பிள்ளையின் நலன். நாங்கள் பிரித்த பிள்ளைகளின் வயதை மறுபடி எண்ணிப் பாருங்கள்: எட்டும் ஐந்தும். இருவருமே தாயிடம் சேர்ந்து இருந்திருக்க வேண்டிய வயது. எங்கள் நால்வரில் ஒருவருக்கும் இது தெரியாது.

சபையில் நிறுத்தி, யார் வேண்டும் என்று கேட்டால் பிள்ளைக்கு என்ன தோன்றும்? யாரைச் சொன்னாலும் மற்றவருக்குத் துரோகம் செய்ததாகத் தோன்றும். அந்தப் பாரம் நெடுநாள் இறங்காது. பிள்ளையின் மனத்தை அறிவதற்கு அதிகாரியும் ஆலோசகரும் தனியே பேசிப் பழகுகிறார்கள். நீதிபதியே தனியறையில் அழைத்துப் பேசுவதும் உண்டு. நம் வேலை வேறு. பெற்றோருக்குச் சில விஷயங்களை எடுத்துச் சொல்லலாம். 'உன் அத்தாவைப் போய்க் கேள்' என்று பிள்ளையைத் தூதனுப்பாதே, மற்றவரைப் பற்றிப் பிள்ளை காதில் விழும்படி ஏசாதே, உன்னால்தான் இந்தச் சண்டை என்ற எண்ணம் பிள்ளைக்கு வராமல் பார், உடன்பிறந்தாரைப் பிரிக்காதே. இதைச் சொல்ல வக்கீல் படிப்பு வேண்டாம்.

நான்காம் பாடம்: செலவுப் பணம்

'பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்கிறாள், பணம் எதற்குக் கொடுக்க வேண்டும்?' என்று ஒருவர். 'பணம் தரவில்லை, பிள்ளையை எதற்குக் காட்ட வேண்டும்?' என்று மற்றவர். இதை நாமும் கொடுக்கல் வாங்கல்போல எண்ணி, 'நியாயம்தானே' என்று தலையாட்டுகிறோம். இரண்டும் வேறு வேறு. பிள்ளையின் நஃபக்கா பிள்ளையின் உரிமை. தகப்பனைப் பார்ப்பதும் பிள்ளையின் உரிமை. ஒன்றுக்கு ஒன்றை ஈடு வைக்கக் கூடாது. நஃபக்கா 18 வயது வரை. மேற்படிப்புக்காக அதற்கு மேலும் கோர்ட்டு நீட்டலாம்.

வியாபாரிகளுக்குக் கூடுதலாக ஒரு சொல். கையில் கொடுத்த பணத்துக்குக் கணக்கு இருக்காது. கொடுத்தேன் என்பார் ஒருவர். வாங்கவில்லை என்பார் மற்றவர். மாதம் ஒரு தேதி வைத்து வங்கி வழியாக அனுப்பி, சீட்டை எடுத்து வையுங்கள். கடை வருமானத்தைக் குறைத்துக் காட்டி நூறு வெள்ளியில் பிள்ளையை வளர்க்கச் சொல்லும் தகப்பனுக்கு நாம் துணை போகக் கூடாது. அவர் கடைக் கொள்முதல் என்னவென்று நமக்குத் தெரியாதா? உத்தரவு இருந்தும் பணம் வராத தாய்மார்களுக்கு பி.எஸ்.கே. பற்றிச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி இலாகா ஷரீஅத் குடும்ப வழக்குகளிலும் உதவுகிறது.

ஐந்தாம் பாடம்: கடையில் அவள் பங்கு

கடை உரிமம் புருஷன் பெயரில் இருக்கும். விடிவதற்கு முன் எழுந்து வெங்காயம் அரிந்து, மசாலா அரைத்து, கடைப் பையன்களுக்கும் சேர்த்துச் சோறு ஆக்கியது யார்? பிரியும்போது, 'அவள் என்ன கொண்டுவந்தாள்?' என்று கேட்கிறோம். கல்யாணத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து தேடிய சொத்தை 'ஹார்த்தா செபென்சாரியான்' என்பார்கள். அதைப் பிரிக்கும்போது பணம் போட்டதை மட்டுமல்லாமல் உழைப்பையும் கோர்ட்டு கணக்கில் எடுக்கிறது. நடுவில் உட்காருகிறவர்களும் கடைக்காரர்களாக இருப்பதால், நம் கண் தானாகவே கடைக்காரர் பக்கம் சாயும். சாய்கிறது என்று தெரிந்திருந்தாலே பாதி திருத்தம்.

ஆறாம் பாடம்: இரண்டு தேசத்துக் குடும்பம்

நம்முடைய பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி வந்தவர்கள். மனைவி ஊரில், புருஷன் இங்கே. கடிதத்திலும் மணியார்டரிலும் குடும்பம் நடந்தது. தகப்பன் முகம் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அதனால் நமக்குப் பிரிவு மரத்துப் போய்விட்டது. அந்தப் பையனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, 'பாட்டியிடம்தானே இருக்கிறான், வளர்ந்துவிடுவான்' என்று நானே சொன்னேன். பாட்டனார் காலத்துப் பிரிவு பிழைப்புக்காக வந்தது. இது ஒரு தாய்க்குத் தெரியாமல் நடந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணியது என் பிழை.

பிள்ளையை ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு அனுமதியின்றிக் கொண்டுபோய்விட்டால் திருப்பி அனுப்ப வகை செய்யும் உடன்படிக்கை ஒன்று 1980-இல் ஹேக் நகரில் ஏற்பட்டது. சிங்கப்பூரில் அது 2011 முதல் நடப்பில் இருக்கிறது. மலேசியாவும் இந்தியாவும் அதில் சேரவில்லை. ஆகவே பிள்ளை கடல் தாண்டிய பிறகு அழுது பயனில்லை. தாண்டுமுன் தடுக்க வேண்டும். பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கோர்ட்டில் தடை உத்தரவு கேட்க வழியுண்டு. பயப்படுகிற தாயோ தகப்பனோ நம்மிடம் வந்து சொன்னால், 'அப்படியெல்லாம் செய்ய மாட்டார்' என்று சமாதானம் சொல்லி அனுப்பாமல், அன்றே கோர்ட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும்.

ஏழாம் பாடம்: வாயடக்கம்

லாபிஸ் சிறிய ஊர். கடைத்தெருவின் ஒரு கோடியில் தும்மினால் மறுகோடியில் மருந்து சொல்வார்கள். பின்னறையில் கேட்டதை முன்னறையில் தேத்தண்ணீரோடு பரிமாறினால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்டது அமானிதம். வீட்டில் மனைவியிடமும் சொல்லக் கூடாது.

இனி நாம் செய்ய வேண்டியது

சில மாதங்களுக்கு முன் அந்தப் பெண் கடைக்கு வந்தாள். இப்போது வேலைக்குப் போகிறாள். எனக்கு நெடுநாளாக மனத்தில் கிடந்ததைச் சொன்னேன்: "அன்னைக்கு உன்னை நடுவுல நிறுத்திக் கேட்டிருக்கக் கூடாதும்மா. நாங்க தப்புப் பண்ணிட்டோம்." அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லை மாமா. அந்த பிஸ்கட்டை மட்டும் நான் இப்பவும் வாங்குறதில்லை" என்றாள். பிறகு மற்றச் சாமான்களுக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனாள்.

சகோதரர்களே! ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகள் சொல்கிறேன். ஒன்று, வருஷத்துக்கு ஒரு நாளாவது இதற்கென்று வகுப்பு வைப்போம். சுல்ஹுப் பழக்கமுள்ள ஒரு அதிகாரி, ஒரு மனநல ஆலோசகர், பிரிந்த வீட்டுப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் ஒரு பள்ளி ஆசிரியை, இம்மூவரையும் அழைத்துக் கேட்போம். இரண்டு, குடும்ப விஷயங்களுக்கு அழைக்கப்படுவோரில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும். என் பின்னறையில் அன்று நடுவராக ஒரு பெண்மணியாவது இருந்திருந்தால், அந்தப் பிள்ளை சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். மூன்று, வகுப்பில் உட்காராத எவரும், நான் உள்பட, இனிமேல் பிள்ளைகள் விஷயத்தில் காகிதம் எழுதுவதில்லை என்று தீர்மானிப்போம். வருகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வோம், தேத்தண்ணீர் கொடுப்போம், கோர்ட்டுக்கு வழி தெரியாவிட்டால் காரில் கூட்டிப் போவோம். போய்ப் பெஞ்சியில் உட்காருவோம். வெளியே உட்காருவதும் ஓர் உதவிதான்.

அடுத்த கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள்:

1. உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒரு பிரிவு நடந்தபோது, பிள்ளையிடம் யார் பேசினார்கள்? எங்கே வைத்துப் பேசினார்கள்?

2. ஒரு பெண் உங்களிடம் நியாயம் கேட்டு வந்தால், அவளைத் தனியே கேட்க உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்?

3. நஃபக்கா கொடுக்கத் தவறும் ஒருவர் உங்கள் நெடுநாள் வாடிக்கைக்காரராக இருந்தால், அவரிடம் என்ன சொல்வீர்கள்?

4. பேசித் தீர்த்ததாக நினைத்து நாம் எழுதிக் கொடுத்த பழைய காகிதங்களில், இன்று மறுபடி கோர்ட்டில் பதிய வேண்டியவை எவை?

நான்காவது கேள்விக்கு என் பெட்டியில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். உங்களிடம் இருப்பதையும் கொண்டுவாருங்கள்.

வஸ்ஸலாம்.